நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கதவு திறக்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடிப்போர்ஷன்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை நங்கநல்லூரில் ஒரு வீட்டின் முதல் மாடியில் ஒன்றரை வருடமாகத் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். காலை 8.40க்குக் கிளம்பினால் வேலை முடிந்து திரும்ப ஏழு மணி ஆகிவிடும். கடந்த இரண்டு மாதமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. நான் போட்டுவிட்டுத்தான் போனேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொரு நாள் படுக்கையறை ஜன்னலின் திரைச்சீலை முழுக்க ஒரு பக்கம் தள்ளியிருந்தது. போன வாரம் ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் நகர்ந்திருந்தது. எதுவும் திருடுபோகவில்லை. பீரோவைத் தொட்ட மாதிரியும் தெரியவில்லை. ஆனால் யாரோ உள்ளே வந்துபோகிறார்கள் என்ற எண்ணத்தோடு ராத்திரி தூங்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னால் "நீயே மறந்திருப்பாய்" என்கிறார். அது ஒருவேளை உண்மையாகக்கூட இருக்கலாம், அதனால்தான் எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். ஓனரிடம் கேட்பதற்கு முன்னால் கையில் ஏதாவது ஆதாரம் வேண்டும், வெறும் சந்தேகத்தோடு போய்க் கேட்டால் நாளைக்கு முகம் பார்த்துப் பேச முடியாது.

என் நிலைமை இதுதான். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட் தான், போன் என்னோடு வந்துவிடும். கதவு பழைய தேக்குக் கதவு, ஒற்றைப் பலகை, உள்பக்கமாகத் திறக்கும். சுவரிலோ நிலையிலோ துளை போடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேமரா வைக்க எனக்கு விருப்பமில்லை. நான் வாழும் இடத்தை நானே படம் பிடித்து எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. யார் வந்தார்கள் என்றுகூடத் தெரிய வேண்டாம். கதவு திறந்ததா, எத்தனை மணிக்குத் திறந்தது, இது மட்டும் தெரிந்தால் போதும். இப்படி ஒரு கருவி இருக்கிறதா?

கோவைக்காரன்:
இருக்கிறது சகோதரி. டோர் சென்சார் என்று கேட்டால் எந்த ஆன்லைன் கடையிலும் கிடைக்கும். இரண்டு துண்டாக வரும். ஒன்றில் காந்தம், அது கதவில். இன்னொன்றில் பேட்டரியும் சர்க்யூட்டும், அது நிலையில். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் அதோடேயே வரும், துளை தேவையில்லை. கதவு விலகினதும் போனுக்கு நோட்டிஃபிகேஷன் வரும், செயலிக்குள் போய்ப் பார்த்தால் எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது என்ற பட்டியலும் இருக்கும்.

ஆனால் உங்களுக்கு அது சரிவராது என்று நினைக்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் என் வீட்டில் வைஃபை வகையைத்தான் மாட்டியிருக்கிறேன். அது எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும், கதவு அசைந்தால்தான் எழுந்து ரவுட்டரோடு இணைந்து செய்தி அனுப்பும், அப்போதுதான் பேட்டரி தாங்கும். ரவுட்டர் அணைந்திருந்தால் அனுப்ப வழியில்லை, பல மாடல்கள் அந்தத் திறப்பை எங்கும் சேமித்தும் வைப்பதில்லை. எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒருநாள் தம்பி வந்து கதவைத் திறந்து மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறான். செயலியில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்தேன்.

பழைய போன் ஒன்றில் சிம் போட்டு வீட்டிலேயே ஹாட்ஸ்பாட்டாக விட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறேன். பல போன்களில் யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் போனால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும், அதை நிறுத்தும் அமைப்பு எல்லாப் போனிலும் இல்லை. தவிர இந்த சென்சார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஹாட்ஸ்பாட்டில் சேராது. வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற வேறு ரேடியோ வகை என்றால் பேட்டரி நிறைய நாள் வரும், ஆனால் அதற்கு ஒரு ஹப் வேண்டும், ஹப்புக்குக் கரண்டும், பெரும்பாலும் இணையமும் வேண்டும். ஆக உங்களுக்குத் தேவை இணையமே இல்லாமல் தனக்குள்ளேயே நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளும் ஒன்று. இங்கே எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

சாலிடர்:
நான் செய்து தருகிற மாதிரி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தேவைக்காக என் தங்கை தங்கியிருந்த அறைக்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன்.

முதலில் அந்த இரண்டு துண்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே ரீட் ஸ்விட்ச் என்று ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு மெல்லிய இரும்பு-நிக்கல் தகடு. காந்தம் பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், காந்தம் விலகினால் பிரிந்துவிடும். அவ்வளவுதான், இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, அதனால்தான் நம்பலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எம்சி-38 என்று கேட்டால் வயரோடு பிளாஸ்டிக் கூட்டில் போட்டு மலிவாகத் தருவார்கள்.

நேரத்தை எழுதுவதற்கு ஒரு ஆர்டுயினோ புரோ மினி (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு), ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூல். டிஎஸ்1307 வாங்காதீர்கள், அது வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப ஓட்டம் மாறும். 3231 வெப்பநிலையை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு நிமிடம் முன்பின் போனாலே அதிகம். இந்த மாட்யூலின் பெரும்பாலான பதிப்புகளில் 4 கிலோபைட் நினைவகச் சிப் ஒன்றும் கூடவே இருக்கும், அதனால் மெமரி கார்டு தேவையில்லை. ஒரு பதிவுக்கு 4 பைட் என்று வைத்தால் ஆயிரம் பதிவு பிடிக்கும். நீங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை கதவைத் திறக்கிறவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி மூன்று ஏஏ போதும். ஆனால் புரோ மினியிலும் கடிகார மாட்யூலிலும் எரிந்துகொண்டே இருக்கும் சின்ன எல்இடிகளைப் பிடுங்கிவிட வேண்டும், பேட்டரியைத் தின்பது அவைதான். இன்னொன்று, கதவு மூடியிருக்கும்போது ரீட் ஸ்விட்ச் இணைந்த நிலையில் இருக்கும், உங்கள் கதவு நாள் முழுக்க மூடியேதான் இருக்கும், அதனால் ஆர்டுயினோவுக்குள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரைப் பயன்படுத்தினால் அதன் வழியாகக் கரண்ட் சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் போட்டால் அந்தச் செலவு மைக்ரோஆம்பியர் கணக்கில் போய்விடும். இப்படிச் செய்த என் தங்கையின் கருவி ஒரே செட் பேட்டரியில் எட்டு மாதம் ஓடியது.

அந்தக் கடிகார மாட்யூல் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் நாணய பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஒரு சின்னச் சுற்று இருக்கும். நாம் கடையில் வாங்கிப் போடுவது சாதாரண சிஆர்2032, அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, வீங்கிவிடும். அந்தச் சுற்றில் இருக்கும் டயோடையோ பக்கத்தில் இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரையோ எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஆன்லைனில் இதைச் சொல்லாமல் விற்கிறார்கள், எனக்கு இது பெரிய கவலை.

நிரலை நான் தருகிறேன். உங்களுக்கு ஈயம் உருக்கிச் சாலிடர் பிடிக்கத் தெரியாவிட்டால் அக்கம்பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் யாரிடமாவது கொடுத்தால் ஒரு மாலையில் முடித்துவிடுவார்.

பழைய_லைன்மேன்:
வணக்கம்மா. நான் தொலைபேசித் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன ரீட் ஸ்விட்சே எங்கள் துறைக்காகப் பிறந்ததுதான். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் உருவாக்கினார். தூசியும் ஈரமும் தொடாமல் கண்ணாடிக்குள் அடைத்த தொடர்பு என்பதால் லட்சக்கணக்கான முறை இணைந்து பிரிந்தாலும் தாங்கும்.

தம்பியின் கருவி நல்ல கருவி. ஆனால் அது கைக்கு வர ஒரு வாரமாவது ஆகும், அதுவரை இந்தப் பிள்ளை தூங்காமல் இருக்க வேண்டாம். இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு பேட்டரி போட்ட முள் கடிகாரம் இருக்கும், அலாரம் டைம்பீஸ் என்றாலும் சரி. பிஸ்கட் பாக்கெட் உறை மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள், உள்பக்கம் வெள்ளியாக மின்னும் உறை வேண்டாம். அதைப் பேட்டரியின் முனைக்கும் கடிகாரத்தின் தகட்டுக்கும் நடுவில் செருகுங்கள். கடிகாரம் நின்றுவிடும். முள்ளைச் சரியாக 12இல் வையுங்கள். பிளாஸ்டிக்கின் மறுமுனையில் ஒரு தையல் நூல், நூலின் அடுத்த முனை கதவின் கைப்பிடியிலோ தாழ்ப்பாளிலோ. கதவு திறந்தால் நூல் இழுத்து பிளாஸ்டிக் உருவிக்கொண்டு வந்துவிடும், கடிகாரம் 12இலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் வீடு திரும்பும்போது கடிகாரம் 2.30 காட்டினால், கதவு இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் திறந்தது என்று அர்த்தம். வந்தவர் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் செருகினாலும் முள் 12இல் இருக்காது, திருப்பி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

நீங்களே வெளியே போகும்போது இழுத்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நூலைத் தளர்வாக விட வேண்டும். கடிகாரத்தைப் பூட்டு இருக்கும் பக்கம் நிலையை ஒட்டி ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், அது நகராதபடி கீழே ஒரு கனமான புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நூல், கதவு ஒரு கை நுழையும் அளவு திறந்தால் இழுக்கக் கூடாது, ஆள் நுழையும் அளவு திறந்தால் இழுக்க வேண்டும். நீங்கள் வெளியே வந்தபின் கதவை ஒரு கை அளவுக்குச் சாத்தி, கையை உள்ளே விட்டுப் பிளாஸ்டிக்கைச் செருகிவிட்டுப் பூட்டுங்கள். திரும்பி வரும்போதும் அதே அளவு திறந்து, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். முள் 12இலேயே நின்றிருந்தால் யாரும் வரவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை திறந்த நேரத்தை மட்டும்தான் காட்டும். 12 மணி நேரத்துக்கு மேல் போனால் கணக்குக் குழம்பும், நீங்கள் பத்தரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறீர்கள் என்பதால் பரவாயில்லை.

மாடிப்போர்ஷன்:
ஐயா, இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரியே செய்து பார்க்கிறேன், நூல் நீளத்துக்கு நாலைந்து முறை ஒத்திகை பார்த்துவிட்டு நாளைக்கு வைக்கிறேன். சாலிடர் அண்ணா, பாகங்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர் சாலிடர் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஈரக்காற்று:
கருவி வாங்குகிறவர்கள் யாரும் யோசிக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் கிண்டியில் ஒரு சின்ன ஸ்டோர் ரூமுக்கு இப்படி ஒன்று வைத்து, அதை நம்பி ஒரு பையனைச் சந்தேகப்பட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்றைக்கும் போகவில்லை.

என் கருவி ராத்திரி 2 மணி, 3 மணிக்கெல்லாம் கதவு திறந்ததாகக் காட்டியது. ஒவ்வொன்றும் ஒரு நொடி, இரண்டு நொடி. சாவி வைத்திருந்தது அந்தப் பையன் ஒருவன்தான். கேட்டேன், அவன் இல்லை என்றான், நான் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து நானே அங்கே படுத்துப் பார்த்தேன். ஐப்பசி மழை, காற்று அடிக்கிறது, பூட்டிய கதவு பூட்டின் ஆட்டத்துக்குள்ளேயே அரை அங்குலம் உள்ளும் வெளியும் ஆடுகிறது. காந்தத்துக்கும் ஸ்விட்சுக்கும் உள்ள இடைவெளியை நான் விளிம்பில் வைத்திருந்தேன், அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "திறந்தது" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

ஆகவே சகோதரி, தேக்குக் கதவாக இருந்தாலும் மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், கோடையில் சுருங்கும், இடைவெளி மாறும். இந்த வகை ஸ்விட்சுகள் பெரும்பாலும் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் வரை காந்தத்தை உணரும். அந்த எல்லையில் போய் வைக்காதீர்கள், அரை சென்டிமீட்டருக்குள் நெருக்கி வையுங்கள். பூட்டிய கதவைப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள், அப்போது ஒரு பதிவும் விழக்கூடாது. நிரலிலும் இரண்டு மூன்று நொடிக்குக் குறைவாகப் பிரிந்து சேர்ந்தால் அதைத் தனிக் குறியோடு எழுதச் சொல்லுங்கள். இரும்புக் கதவோ இரும்பு கேட்டோ என்றால் காந்தத்தின் பலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும், நடுவில் ஒரு மரத்துண்டோ தடித்த பிளாஸ்டிக்கோ வைத்து ஒட்ட வேண்டும். அப்புறம் அந்த ஒட்டும் டேப். சித்திரை வெயிலில் டேப் இளகிக் காந்தம் கீழே விழுந்தால் "திறந்தது" என்று வரும், "மூடியது" என்று வரவே வராது. அப்படி ஒற்றைப் பதிவு இருந்தால் முதலில் தரையைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள்.

சாலிடர்:
ஈரக்காற்று சொன்னது ரொம்ப முக்கியம். இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தவறு.

பதிவு காலியாக இருந்தால் யாரும் வரவில்லை என்று நிம்மதியாகிவிடுவோம். ஆனால் பேட்டரி இறந்திருந்தாலும், ஒரு வயர் விட்டுப்போயிருந்தாலும் பதிவு காலியாகத்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு நாளும் இரண்டு இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். காலையில் நீங்கள் வெளியே போன பதிவு இருக்கிறதா, மாலையில் நீங்கள் உள்ளே வந்த பதிவு இருக்கிறதா. இரண்டும் சரியான நேரத்தோடு இருந்தால்தான் நடுவில் இருக்கும் வெறுமைக்கு மதிப்பு. அது மட்டும் போதாது என்று என் தங்கை கருவியில் மணிக்கு ஒருமுறை கடிகாரச் சிப்பின் அலாரம் ஆர்டுயினோவை எழுப்பி "ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு பதிவு போடும்படி செய்திருந்தேன். ஒரு நாளைக்கு 24 பதிவு, 96 பைட், 4 கிலோபைட்டில் நாற்பது நாளுக்கு மேல் வரும். மாதம் ஒருமுறை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு அழித்துவிட்டால் சரி. நடுவில் ஒரு மணி நேரம் அந்தப் பதிவு விடுபட்டிருந்தால் யாரோ பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது ஏதோ பழுது, இரண்டில் எதுவானாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கருவியைக் கண்ணில் படாமல் வையுங்கள். வயர் நீளம் ஒரு மீட்டர் இருந்தால் பெட்டியைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துவிடலாம், ஸ்விட்சை நிலையின் மேல்பக்கம், திரைக்கு மறைவாக. உங்கள் பால்கனிக் கதவுக்கு இன்னொரு ஸ்விட்ச் வேண்டுமானால் அதே பெட்டியில் இரண்டாவது முனையில் இணைக்கலாம்.

வேப்பங்காற்று:
பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடந்தால் அதையும் யோசிக்கலாம். ஹேவன் என்று ஒரு செயலி 2017 டிசம்பரில் வந்தது. கார்டியன் புராஜெக்ட் என்ற மென்பொருள் குழு, பத்திரிகைச் சுதந்திர அறக்கட்டளை இரண்டும், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனோடு சேர்ந்து வெளியிட்டார்கள். பத்திரிகையாளர்கள் ஹோட்டல் அறையில் லேப்டாப்பை விட்டுப் போகும்போது யாராவது அதைத் தொட்டார்களா என்று தெரிந்துகொள்வதற்காக. போனில் ஏற்கெனவே இருக்கும் அசைவு உணரி, மைக், வெளிச்ச உணரி, கேமரா இவற்றையே காவலாக வைத்துக்கொள்ளும், பதிவை அந்தப் போனிலேயே வைத்திருக்கும். கேமராவை அணைத்துவிட்டு வைத்தால் உங்கள் தயக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் நாள் முழுக்கச் சார்ஜரில் இருக்க வேண்டும், பழைய பேட்டரி சூடாகும். ஆள் இல்லாத வீட்டில் அப்படி விட்டுப்போக எனக்கே பயமாக இருந்ததால் நான் ரயில் பயணம், லாட்ஜ் இவற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

வாடகைதாரர்_88:
கருவி எல்லாம் சரி. வந்துபோகிறார்கள் என்று உறுதியானால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில், ஓனர் உள்ளே வர வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்திலோ மின்னணு வழியிலோ சொல்ல வேண்டும், சூரியன் உதிப்பதற்கு முன்னும் மறைந்த பின்னும் வரக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அது மாநிலங்களுக்கு ஒரு முன்மாதிரி மட்டும்தான், தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், பதிவு எண் இருக்கிறதா, வீட்டைப் பார்வையிடுவது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று. இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்த 24 மணி நேர வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பூட்டு எந்த வகை? கதவின் விளிம்பில் பதித்த மார்ட்டிஸ் பூட்டு, நடுவில் தனியாக சிலிண்டர் (சாவி நுழையும் பகுதி) இருக்கிற வகை என்றால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம். கதவின் விளிம்பில், நாக்கு வெளியே வரும் தகட்டில், சாவித் துவாரத்தின் உயரத்திலேயே ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிச் சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டர் மட்டும் வெளியே வரும். அதே நீளத்தில் புதியது வாங்கிப் போட்டால் பழைய சாவிகள் எதுவும் வேலை செய்யாது. பழைய சிலிண்டரைப் பத்திரமாக வையுங்கள், காலி செய்யும்போது அதையே மாட்டிக் கொடுத்துவிடலாம், கதவில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் ஓனரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மாடிப்போர்ஷன்:
மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

லைன்மேன் ஐயா சொன்ன கடிகாரத்தை மறுநாளே வைத்தேன். மூன்று நாள் முள் 12இலேயே நின்றது. நான் தான் மறதிக்காரி போலிருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். நான்காவது நாள், வியாழக்கிழமை, மாலை 7.10க்குக் கதவைக் கொஞ்சம் திறந்து கையை விடுவதற்கு முன்பே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. முள் 3.22இல் இருந்தது. வாசலிலேயே நின்று கணக்குப் போட்டேன், பிற்பகல் 3.48. கை நடுங்கியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு மாதத்தில் முதல் முறையாக என் மேல் எனக்கு இருந்த சந்தேகம் அன்றைக்குப் போய்விட்டது.

ஓனரிடம் அன்றைக்கே போகவில்லை. நூல் தானாக இழுபட்டிருக்குமோ என்று ஈரக்காற்று எழுதியதை நினைத்துப் பொறுத்தேன். பாகங்கள் வந்து, அலுவலக நண்பர் கருவியைச் செய்து கொடுத்தார். அந்த டயோடை மறக்காமல் எடுத்துவிட்டார். முதல் ஞாயிறு முழுக்க அதைச் சோதித்தேன், இருபது முறை திறந்து மூடி ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டேன், இருபதும் சரி. பூட்டிய கதவைக் குலுக்கினேன், ஒன்றும் விழவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் என்னுடைய பதிவுகள் தவிர மூன்று நாள் வேறு பதிவுகள் இருந்தன. ஒன்று இப்படி: செவ்வாய் 15.46 திறப்பு, உடனே மூடல், 15.57 திறப்பு, உடனே மூடல். மற்ற இரண்டும் அதே மூன்றரை நாலு மணி, அதே பத்துப் பதினொரு நிமிடம். மணிக்கு ஒருமுறை வரும் பதிவு ஒன்றுகூட விடுபடவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கோபப்படாமல், "ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை 3.46க்கு மேலே யாராவது வந்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன். மணியை நிமிடத்தோடு சொன்னதும் அவர் மறுக்கவே இல்லை. வீட்டை விற்கப் போகிறார்களாம். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவரும்போது தன்னிடம் இருந்த சாவியால் திறந்து காட்டியிருக்கிறார். பால்கனி, ஜன்னல் காற்றோட்டம் எல்லாம் பார்த்திருக்கிறார்கள், தாழ்ப்பாளும் திரையும் நாற்காலியும் அதுதான். "உன்னிடம் சொன்னால் காலி பண்ணிவிடுவாயோ என்று சொல்லவில்லை" என்றார். எனக்குப் பயம் போனது, ஆனால் வலி போகவில்லை. முன்பின் தெரியாத எத்தனை பேர் என் படுக்கையறையில் நின்றிருக்கிறார்கள் என்று யோசித்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதை அவரிடம் நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "தப்புதான்மா" என்றார்.

இப்போது இரண்டு விஷயம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வீடு பார்க்க வருவதென்றால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், சனிக்கிழமை நான் இருக்கும்போது மட்டும். சிலிண்டரை அவருக்குச் சொல்லிவிட்டு மாற்றிவிட்டேன், பழையது டப்பாவில் இருக்கிறது. வாடகைதாரர் அவர்களே, அந்த ஸ்க்ரூ நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது.

கருவியை இன்னும் எடுக்கவில்லை. நேற்றைய பதிவில் மணிக்கு ஒருமுறை வரும் பதிவுகளைத் தவிர இரண்டே இரண்டு திறப்புதான்: 08.41, 19.04. லைன்மேன் ஐயா, கடிகாரத்தைச் சமையலறையில் மாட்டிவிட்டேன்.

பழைய_லைன்மேன்:
சந்தோஷம்மா. வீடு கைமாறினால் புது ஓனரிடமும் அந்தத் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடு.